தீயில் பிழைத்த லைப்ரரி

பொங்கல் லீவு முடிந்து லைப்ரரி திறந்ததும் எடுத்து வந்த புத்தகம். மெசபடோமியா சரித்திரம். படுத்துக்கொண்டே நாலு பக்கம் புரட்டினால் தூக்கம் வரும் என்று நினைத்தேன். வந்த தூக்கமும் போய்விட்டது!

அசூரியா நாட்டை கி.மு. ஏழாம் நூற்றாண்டில் ஆண்டவர் அசூர்பானிபால். சரியான புத்தகப் பைத்தியம். தலைநகர் நினிவே, இன்றைய இராக்கில் மோசுல் நகரத்துக்கு எதிர்க்கரையில் இருந்தது. அங்கே ஒரு லைப்ரரி வைத்திருந்தார். பேப்பர் கிடையாது. ஈரக் களிமண் பலகையில் நாணல் குச்சியால் அழுத்தி எழுதுவார்கள். எழுத்தெல்லாம் ஆப்பு ஆப்பாக இருக்கும். சகுனம், வைத்தியம், மந்திரம், கதை... எல்லாம் உண்டு. சில பலகைகளில், தூக்கிக்கொண்டு போகிறவனுக்குச் சாபம் வேறு! (நம்ம லைப்ரரியில் வெறும் ஃபைன்தான்.)

கி.மு. 612-ல் பாபிலோனியரும் மீடியரும் சேர்ந்து நினிவேயைக் கொளுத்தினார்கள். மரப்பலகையில் மெழுகு பூசி எழுதியதெல்லாம் போச்சு. களிமண்ணில் எழுதியது? சூளையில் வைத்த செங்கல் மாதிரி வெந்து கெட்டியாகிவிட்டது! உடைந்தது, நொறுங்கியது, அழியவில்லை. 1850-ஐ ஒட்டி லேயார்ட் என்ற ஆங்கிலேயரும், மோசுலிலேயே பிறந்த ஹொர்முஸ்த் ரசாமும் தோண்டி எடுத்தார்கள். துண்டும் முழுசுமாக முப்பதாயிரத்துக்கு மேல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

அதைப் படித்தவர்களில் எனக்குப் பிடித்த ஆசாமி ஜார்ஜ் ஸ்மித். பெரிய படிப்பெல்லாம் இல்லை. பதினாலு வயதில் கரன்சி நோட்டு அச்சுக்குத் தகடு செதுக்கும் வேலைக்குப் போனவர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மியூசியத்துக்கு ஓடி, தானாகவே ஆப்பெழுத்து கற்றுக்கொண்டார். 1872-ல் ஒரு துண்டில் வெள்ளம், படகு, பறவையைப் பறக்கவிட்டுப் பார்ப்பது... அசல் பைபிள் நோவா கதை மாதிரியே! மிச்ச வரிகளை அழுக்கு மூடியிருந்தது. சுத்தம் செய்கிறவரோ ஊரில் இல்லை. மனுஷன் தவித்துப் போனார். கடைசியில் படித்ததும் குதித்து, அறையைச் சுற்றி ஓடி, சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாராம்! அடுத்த வருஷம் நினிவேக்கே போய் வெள்ளக் கதையின் இன்னொரு துண்டைக் கண்டுபிடித்தார். 1876-ல் மறுபடி போனவர் திரும்பவில்லை. அலெப்போ அருகே வயிற்றுக்கடுப்பில் இறந்தார். வயது 36.

"மணி ஒண்ணாகுது, லைட்டை அணைங்க" என்றாள் மனைவி.

"அந்த டிரங்குப் பெட்டி எங்கே?"

"இந்நேரத்துல அது எதுக்கு? அதுல இருந்ததைத்தான் போகிக்கு நீங்களே கொளுத்திட்டீங்களே!"

கொளுத்தினேன்தான். நாக்பூரில் ரயில்வே வேலையில் இருந்த அப்பா, அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள். முப்பது வருஷக் கட்டு. செல்லரித்துவிட்டது, பூச்சி வருகிறது என்று ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் போட்டேன். ஐந்து நிமிஷம்கூட எரியவில்லை.

பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். அடியில் விரித்திருந்த நியூஸ்பேப்பரைத் தூக்கினால், கீழே ஒட்டிக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டு. அப்பா கையெழுத்து. 'பால் 22 நாள். பாக்கி ரூ. 3. ஞாயிறு தரணும்.'

நினிவே லைப்ரரியில் கதைக்கு நடுவே கணக்குச் சீட்டுகளும் கிடைத்தனவாம். மனைவி அதை வாங்கிப் பார்த்தாள். "மாமா எழுத்து எவ்ளோ அழகா இருக்கு" என்றாள்.

காலையில் கடை திறந்ததும் லாமினேஷன் போடப் போகிறேன்.