21 நாள் மூடி வைத்தால் வைக்கோலும் சத்தாகும்

தை அறுவடை முடிந்ததும் அரியலூர் மாவட்டத்தில் திருமானூர் பக்கம் நெல் வைக்கோல் போராக ஏறும். பெரம்பலூர் மாவட்டத்தில் வேப்பந்தட்டை, குன்னம் பகுதிகளில் மானாவாரி மக்காச்சோளத்தில் கதிர் ஒடித்த தட்டை காட்டிலேயே காய்ந்து நிற்கும். பங்குனி, சித்திரையில் பசுந்தீவனம் அற்றுப்போனால் மாட்டுக்கு இவைதான் கதி. மாடு வயிறு நிறையத் தின்றும் மெலிகிறது, பாலும் குறைகிறது. இதற்குக் காரணம் என்ன?

வைக்கோலிலும் தட்டையிலும் பெரும்பகுதி செல்லுலோஸ் முதலான நார்ப்பொருள்கள். மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் இந்த நாரைச் சிதைத்துச் சத்தாக மாற்ற வல்லவை. ஆனால் முற்றிக் காய்ந்த தாளில் லிக்னின் என்னும் மரப்பொருள் நாரை இறுகப் பிணைத்திருக்கிறது. ஈரமும் நுண்ணுயிரும் எளிதில் உள்ளே புக முடிவதில்லை. புரதமும் 3 முதல் 4 சதம்தான். ஆகவே தின்றதில் ஒரு பகுதி சாணமாகவே வெளியேறி விடுகிறது.

இந்தப் பிணைப்பைத் தளர்த்தக் காரப்பொருள் உதவும். நம் பகுதியில் விளையும் பருத்தியும் செல்லுலோஸ்தான். இங்கிலாந்தில் ஜான் மெர்சர் என்பவர் பருத்தித் துணியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் நனைத்தபோது, இழை உப்பிப் பருத்தது; சாயத்தை முன்னிலும் நன்றாக உறிஞ்சியது. 1850ஆம் ஆண்டு அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் பெக்மன் என்ற அறிஞர் இதே காரத்தில் வைக்கோலை ஊற வைத்துத் தீவனமாக்கினார். ஆனால் ஊறியதைப் பிறகு நிறைய நீர் விட்டு அலச வேண்டும். அதில் சத்தும் கொஞ்சம் கழுவிப் போகும்.

நமக்கு ஏற்றது யூரியா முறை. ஈர வைக்கோலில் யூரியா சிதைந்து அம்மோனியா ஆகிறது. அம்மோனியாவும் காரமே. அது பிணைப்பைத் தளர்த்த, நார் உப்பி ஈரத்தை உறிஞ்சுகிறது. நுண்ணுயிர்கள் உள்ளே புக வழி பிறக்கிறது. தங்கிய அம்மோனியாவிலிருந்து அந்த நுண்ணுயிர்கள் புரதமும் தயாரித்துக்கொள்கின்றன. புரத அளவு 7 சதத்துக்கு மேல் உயரும். வைக்கோல் மெதுவாவதால் மாடு கூடுதலாகவும் தின்னும்.

செய்முறை இதுதான். காய்ந்த வைக்கோல் 100 கிலோ, யூரியா 4 கிலோ, தண்ணீர் 50 லிட்டர். மக்காச்சோளத் தட்டையானால் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்ள வேண்டும். மேடான தரையில் பாலிதீன் விரிப்பைப் போட்டு 20 கிலோ வைக்கோலைப் பரப்பவும். முற்றிலும் கரைந்த யூரியாக் கரைசலில் 10 லிட்டரைப் பூவாளியால் எங்கும் சமமாகத் தெளித்து, மிதித்து அமுக்கவும். இப்படியே ஐந்து அடுக்கு போட்டு, மேலேயும் பாலிதீன் விரிப்பால் மூடி, ஓரங்களை மண் போட்டு அணைக்கவும். அம்மோனியா வெளியேறினால் பதம் வராது. 21 நாள் பிரிக்கக் கூடாது.

பிரித்தால் வைக்கோல் பழுப்பு மஞ்சளாகவும், மெதுவாகவும், நெடியோடும் இருக்கும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மீண்டும் மூடவும். எடுத்ததை ஒரு மணி நேரமாவது காற்றில் உலர்த்தி, நெடி தணிந்த பிறகே போட வேண்டும். முதல் சில நாள்கள் சாதா வைக்கோலோடு கலந்து பழக்கவும். இரண்டு மாடு வைத்திருப்பவர் மாட்டுக்கு 5 கிலோ வீதம் கொடுத்தால் 200 கிலோ 20 நாளைக்கு வரும். ஆகவே முதல் குவியலைப் பிரிக்கும் அன்றே அடுத்ததைப் போட்டுவிடுவது நலம்.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். 21 நாள் காத்திருக்கப் பொறுமையின்றி யூரியாவைத் தெளித்த உடனே மாட்டுக்குப் போடுவது உயிருக்கே ஆபத்து. கரைசல் வாளியையும் மூட்டையையும் மாடு வாய் வைக்கும் இடத்தில் விடக் கூடாது. நடுக்கம், வாயில் நுரை, வயிறு உப்புசம், தள்ளாட்டம் கண்டால் சற்றும் தாமதியாமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கும், ஆடு மாடு அல்லாத குதிரை, கழுதைக்கும் இத்தீவனம் ஆகாது. பூஞ்சணம் பிடித்த வைக்கோலை இம்முறையால் நல்லதாக்க முடியாது. பச்சையாக அறுத்த இனிப்பான தட்டையை இப்படிப் பதப்படுத்தக் கூடாது. அதில் நச்சுப்பொருள் உண்டாகலாம்.

இது பசுந்தீவனத்துக்கு மாற்று அல்ல. கொஞ்சம் தழையும், தாது உப்புக் கலவையும், பாலுக்குத் தக்க பிண்ணாக்கு, தவிடும் தொடர வேண்டும். ஐயம் உள்ளவர்கள் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ, வாலிகண்டபுரம், சோழமாதேவி வேளாண் அறிவியல் நிலையங்களையோ அணுகலாம்.

காட்டில் கொளுத்திவிடும் தட்டையையும் போரில் கிடக்கும் வைக்கோலையும் இந்தக் கோடைக்குள் ஒரு முறை 100 கிலோ அளவில் பதப்படுத்திப் பாருங்கள். மாடு தின்பதையும் பால் அளவையும் குறித்து வந்தால், பலன் உங்கள் கண்முன்னே தெரியும்.