உங்களுக்குத் தெரியுமா? 1 மில்லிநொடி கேட்டால் 15 மில்லிநொடி தூக்கம்!

பழைய விண்டோஸில் ஒரு நிரல் 1 மில்லிநொடி மட்டும் தூங்கக் கேட்டாலும், எழுப்பப்படுவதற்குள் 15 மில்லிநொடிகூட ஆகிவிடலாம். அதன் கடிகாரம் வழக்கமாக நொடிக்கு 64 முறைதான் துடிக்கும்; யாரை எழுப்புவது என்று ஒவ்வொரு துடிப்பிலும்தான் பார்க்கும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இன்னும் மந்தம், 55 மில்லிநொடிக்கு ஒரு துடிப்பு. இதைச் சோம்பல் என்று பழிப்பது நியாயமில்லை. துடிப்பு கூடினால் ஓய்விலிருக்கும் செயலி அடிக்கடி விழிக்க நேரும், மடிக்கணினியின் பேட்டரி வீணாகும்.

அவசரக்கார நிரல்களுக்காகத் துடிப்பின் இடைவெளியை 1 மில்லிநொடியாக்கும் வழியும் இருந்தது. சிக்கல் அங்கேதான்: ஒரு நிரல் கேட்டால் கணினி முழுவதும் அந்த வேகத்துக்கு மாறிவிடும். பின்னணியில் அப்படிக் கேட்ட வேறொரு நிரல் திறந்திருக்கும்வரை சீராக ஓடிய விளையாட்டு, அதை மூடியதும் திக்கித் திணறும். 2020இல் வந்த விண்டோஸ் 10இன் ‘2004’ என்ற எண்ணுள்ள பதிப்பு, கேட்காத நிரலுக்கு இந்தச் சலுகை உறுதியில்லை என்றாக்கியது. பழைய நிரல்கள் கெடாதா என்று கேட்கலாம். சில கெடத்தான் செய்யும். ஆனால் அவை இதுவரை ஓடியது அண்டை நிரலின் தயவில். அந்தத் தயவைக் காப்பாற்ற எல்லோருடைய பேட்டரியையும் செலவழிக்க வேண்டியதில்லை. ஆகவே நிரல் எழுதுபவர்களே, எவ்வளவு நேரம் தூங்கச் சொன்னோம் என்பதை நம்பாதீர்கள், எழுந்ததும் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.