உங்களுக்குத் தெரியுமா? வைரஸ் விளைவிக்கும் புற்றுநோயின் கணக்கு

மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு, அதாவது ஒரு நிலப்பகுதியில் வாழ்வோருக்கு ஏற்படும் புதிய புற்றுநோய்கள் அனைத்தையும் தொடர்ந்து திரட்டும் ஆவணம், நோயாளி சிகிச்சை பெற்ற ஊரை அல்லாமல் அவர் வசிக்கும் ஊரையே அடிப்படையாகக் கொள்கிறது. ஆகவே ஏற்காட்டில் வாழும் ஒருவருக்குச் சேலத்தில் நோய் கண்டறியப்பட்டு, சென்னையில் சிகிச்சை நடந்தாலும், இரட்டைப் பதிவுகள் நீக்கப்பட்டு, சேலம் மாவட்டக் கணக்கில் அவர் ஒருமுறை மட்டுமே இடம்பெறுவார். அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் சென்னை நகருக்கெனத் தொடங்கிய இப்பணி, 2012இல் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவுத் திட்டமாக மாநிலம் முழுமைக்கும் விரிவடைந்ததால்தான் ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையின் சிற்றூர்களும் இக்கணக்கிற்குள் வந்தன. பெரும்பாலும் நகரப் பதிவேடுகளைக் கொண்டே ஊரகத்தின் நோய்ச்சுமையை ஊகித்த நிலையோடு ஒப்பிட, இது மிகப் பெரிய முன்னேற்றம்.

பதிவேட்டில் நோயுற்ற உறுப்பும் திசுவகையும் குறிக்கப்படுகின்றனவே அன்றி, காரணமான வைரஸ் பொதுவாகக் குறிக்கப்படுவதில்லை. எனவே ஒவ்வொரு வகைப் புற்றுநோயிலும் எத்தனை விழுக்காடு தொற்றால் விளைகிறது என்னும் ‘காரணப் பங்கை’, நோயாளிகளின் திசு, குருதி ஆய்வுகளிலிருந்து பெற்று, பதிவான எண்ணிக்கையோடு பெருக்குகின்றனர். கருப்பைவாய்ப் புற்றுநோயில் மனிதப் பாப்பிலோமா வைரஸின் பங்கு ஏறத்தாழ முழுமையானது. கல்லீரல் புற்றுநோயிலோ ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களோடு மதுவும் காரணமாவதால் பங்கு இடத்துக்கு இடம் மாறும் என்பதையும், பிறநாட்டு அளவை இங்கே அப்படியே பொருத்துவது பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும் என்பதையும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். காரணப் பங்கைப் பெருக்கும் இம்முறையில்தான், 2018இல் உலகெங்கும் பாப்பிலோமா வைரஸால் மட்டும் சுமார் 6,90,000 புதிய புற்றுநோய்கள் விளைந்தன எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் அறிஞர்கள் மதிப்பிட்டனர்.