பார்க் நடத்தலாம், வர்றீங்களா?

ராட்டினம்னா யாருக்குத்தான் பிடிக்காது? நம்ம தாம்பரம் பக்கத்தில் 1995-இல் கிஷ்கிந்தா தொடங்கியது. அங்கே போய்வந்த கதையை நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள். ஆனால் ஒரு ராட்டினம் சுற்ற, பின்னால் எத்தனை பேர் உழைக்கணும்னு யோசிச்சிருக்கோமா? யோசிக்க வைக்கும் கம்ப்யூட்டர் கேம்தான் 'ரோலர்கோஸ்டர் டைகூன்'.

1999-இல் வெளிவந்த இந்த விளையாட்டின் புரோகிராமை எழுதியவர் ஸ்காட்லாந்துக்காரரான கிறிஸ் சாயர். கிட்டத்தட்ட முழுவதையும் அசெம்பிளி மொழியில் தனி ஆளாக எழுதினார்!

இதில் நாம்தான் முதலாளி. முதல் ஆட்டத்தில் 10,000 பணம் தருவார்கள். முதல் ஆண்டு அக்டோபர் முடியும்போது பூங்காவில் குறைந்தது 250 பேர் இருக்கணும், பூங்காவின் மதிப்பெண்ணும் 600-க்குக் குறையக் கூடாது.

பயங்கரமா ரோலர்கோஸ்டர் கட்டினா கூட்டம் வரும்னு நினைக்காதீங்க! ரொம்ப வேகம்னா யாரும் ஏற மாட்டாங்க. தலைசுற்றல் அதிகமானால் இறங்கி வந்து பாதையிலேயே வாந்தி எடுப்பாங்க. வாசல் பக்கம் பெஞ்ச் போடணும், கூட்ட ஆள் வைக்கணும். மழை வந்தால் மட்டும் ஜாலி: குடை விலையை ஏற்றினாலும் வாங்குவாங்க!

இப்போ முக்கியமான விஷயம். ஒவ்வொரு ராட்டினத்தையும் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை மெக்கானிக் சோதிக்கணும்னு நாமே முடிவு செய்யலாம். 10 நிமிடம்னும் வைக்கலாம், 'வேண்டவே வேண்டாம்'னும் வைக்கலாம். மெக்கானிக்குக்கு மாதச் சம்பளம் 80. அதை மிச்சப்படுத்த ஆசை வரும். நானும் மிச்சம் பிடிச்சேன். ஒருநாள் பிரேக் பிடிக்காமல் வந்த வண்டி, நின்றிருந்த வண்டிமேல் மோதியது. அப்புறம் இலவசம்னாலும் அதில் ஏற ஆள் இல்லை!

திரையில் என்றால் மறுபடி தொடங்கலாம். நிஜத்தில்? 2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் ஒரு ராட்டினத்தின் சோதனை ஓட்டத்தில் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். நாம் சிரித்து மகிழும் இடத்தில் இன்னொருவர் உயிரைப் பணயம் வைத்து வேலை பார்க்கிறார்.

2016 முதல் இதன் 'கிளாசிக்' பதிப்பு செல்போனுக்கும் வந்திருக்கு. விலை உண்டு, வீட்டில் கேட்டு வாங்குங்கள். பரீட்சை முடிந்ததும் விளையாடுங்கள். அடுத்த முறை நிஜ பார்க்குக்குப் போனால், பெல்ட்டைச் சரிபார்க்கும் அண்ணாவுக்கு ஒரு 'தேங்க்ஸ்' சொல்லுங்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவன்