வருவாய் மாறினால் ஜீவனாம்சம் மாறுமா?

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டிக்குச் சற்று முன்னதாக அமைந்துள்ளது ஹெப்பகோடி. பொம்மசந்திரத் தொழிற்பேட்டை அருகிலிருப்பதால், பிழைப்பை நாடி வந்த தமிழர் பலர் அங்கே வாழ்கின்றனர். வேலை எல்லைக்கு அப்பாலும் குடும்பம் இப்பாலுமாக இருப்பவர்களுக்கு, மணமுறிவோ பிரிவோ நேர்ந்தால் ஒரு சிக்கல் எழுகிறது. குழந்தைக்கென்று நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சத் தொகை, தந்தையின் வருவாய் மாறும்போது என்னாகும்?

ஓர் உதாரணம் கொள்வோம். ஹெப்பகோடியில் தொழிலாளியாக இருக்கும் ஒருவர், தருமபுரியில் தாயுடன் வாழும் தம் குழந்தைக்கு மாதம் 6,000 ரூபாய் தரவேண்டுமென்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஓராண்டு கழித்து அவருடைய ஒப்பந்த வேலை முடிந்துவிடுகிறது. வேறிடத்தில் கிடைத்த கூலியோ முன்னதில் பாதி. இனி 3,000 ரூபாய் அனுப்பினால் போதும் என்று அவர் தாமே முடிவு செய்யலாமா?

கூடாது. நீதிமன்றம் விதித்த தொகையை நீதிமன்றமே மாற்ற இயலும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 144-ஆம் பிரிவு ஜீவனாம்சம் கோரும் உரிமையையும், 146-ஆம் பிரிவு சூழ்நிலை மாறியவிடத்துத் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ நீதிமன்றத்துக்குள்ள அதிகாரத்தையும் கூறுகின்றன. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இவை 125, 127 என்னும் பிரிவுகளாக இருந்தன. 500 ரூபாய் என்றிருந்த மாதாந்திர உச்சவரம்பு 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. எனவே தொகை இன்று குழந்தையின் தேவையையும் பெற்றோரின் சக்தியையும் பொறுத்தது.

ஆகவே வருவாய் குறைந்தவர் செய்யவேண்டியது, காலந்தாழ்த்தாமல் தீர்ப்பளித்த நீதிமன்றத்தில் மனுச் செய்வதே. வேலை நின்றதற்கான கடிதம், பழைய புதிய சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், வாடகை மற்றும் மருத்துவச் செலவுகளின் ரசீதுகள் ஆகியவற்றை இணைத்தல் வேண்டும். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பினரும் தம் வருவாய், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும். மறைத்தல் பயன் தராது.

மனுச் செய்தாலே தொகை குறைந்துவிடும் என்பதுமில்லை. இராணுவத்தினின்று ஓய்வு பெற்ற ஒருவர் தம் மனைவிக்குத் தரவேண்டிய 4,000 ரூபாயை, ஓய்வைக் காரணங்காட்டி உயர் நீதிமன்றம் 2,000 ஆகக் குறைத்தது. 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி 4,000 ரூபாயையே மீண்டும் நிலைநாட்டிற்று. உடல்வலிமை உள்ளவர் உழைத்துக் காப்பாற்றக் கடமைப்பட்டவர் என்பதே நீதிமன்றங்களின் நோக்கு. ஏலாமை வேறு, விருப்பமின்மை வேறு.

மனு நிலுவையில் இருக்கும்போதும் பழைய தொகை செல்லுபடியாகும். முழுத் தொகை இயலாவிடினும் இயன்றதை வங்கி வழியாக அனுப்பிச் சான்று வைத்துக்கொள்வது நலம். குறைந்த பகுதி பாக்கியாகவே நிற்கும். தகுந்த காரணமின்றிக் கட்டத் தவறினால் நிலுவையுள்ள ஒவ்வொரு மாதத்திற்கும் ஒரு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். சிறை சென்று வந்ததால் கடன் தீர்ந்துவிடாது என்று 1988-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இனி மறுபக்கத்தையும் காண்போம். தந்தைக்குப் பதவி உயர்வு கிடைத்தாலோ, குழந்தையின் பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் பெருகினாலோ, தொகையைக் கூட்டும்படி தாய் மனுச் செய்யலாம். தாய் வேலைக்குச் செல்வதால் மட்டும் தந்தையின் பொறுப்பு அகன்றுவிடாது. அவருக்குப் போதிய வருவாய் இருப்பின் செலவை இருவரிடையே விகிதப்படி பங்கிடலாம் என்று மேற்கூறிய 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறுகிறது. இருவரும் மனமொத்துத் தொகையை மாற்றிக்கொண்டாலும் அதனை நீதிமன்றத்தில் பதிவு செய்தலே பாதுகாப்பு.

தந்தை வேறு மாநிலத்தில் இருக்கிறாரே என்று தாய் கலங்க வேண்டியதில்லை. 147-ஆம் பிரிவின்படி, அவர் எங்கிருக்கிறாரோ அவ்விடத்து நீதிமன்றமே உத்தரவை நிறைவேற்றலாம். உத்தரவின் நகல் அதனைப் பெறுவோர்க்கு இலவசமாகக் கிடைக்கும். தமிழிலுள்ள உத்தரவைக் கர்நாடகத்தில் தாக்கல் செய்யும்போது மொழிபெயர்ப்பும் உடனிருப்பது நலம். தவணை தவறிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் அத்தொகைக்கு மனுச் செய்தல் வேண்டும் என்பதை மறத்தல் ஆகாது.

வழக்கறிஞரை அமர்த்தப் பணமில்லையே என்பாரும் உளர். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களும் குழந்தைகளும் மட்டுமன்றித் தொழிற்சாலைத் தொழிலாளரும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். நீதிமன்ற வளாகங்களிலுள்ள சட்டப்பணிகள் குழுவை அணுகலாம்; 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம்.

பெற்றோரின் வருவாய் ஏறும், இறங்கும். அதற்கேற்பத் தொகையைத் திருத்தச் சட்டம் இடந்தருகிறது. ஆனால் குழந்தையின் பசியும் பள்ளியும் அதுவரை காத்திரா. ஆதலின் நிலைமை மாறிய மாதத்திலேயே நீதிமன்றத்தை அணுகுவது தந்தைக்கும் நன்று, தாய்க்கும் நன்று, குழந்தைக்கு மிகவும் நன்று.