சோதனைக்கு முன்பே எலிக்குக் கண் கெட்டிருந்தால்?

அக்டோபர் இரண்டாம் வியாழன் உலகப் பார்வை நாள். அது நெருங்க நெருங்க ‘எலிக்குப் பார்வை திரும்பியது’ என்ற செய்திகள் வருகின்றன. குழம்பிய வாசகர்களின் கடிதங்களும் சேர்கின்றன.

எலியின் கண்ணை விஞ்ஞானிகள்தானே கெடுத்தார்கள்?

எப்போதும் அப்படியில்லை. பிறவியிலேயே கண்நோய் உள்ள ஆய்வக எலிகள் பல உண்டு. விழித்திரையில் குச்சி செல்கள் இல்லாத எலிகளைப் பற்றி ஹார்வர்டின் கிளைட் கீலர் 1924-லேயே எழுதினார். இன்றும் பரவலாகப் பயன்படும் எஃப்விபி, சி3எச் வகைகள் பிறந்த சில வாரங்களில் அந்தச் செல்களை இழந்துவிடுகின்றன.

‘மரபொத்த எலி’ என்று விற்கிறார்களே, அது தரச்சான்று இல்லையா?

குறைந்தது 20 தலைமுறை உடன்பிறப்புகளையே இணைசேர்த்து, மரபில் ஏறத்தாழ ஒன்றாக்கிய எலிகள் அவை. அந்தப் பெயர் ஒற்றுமைக்கு மட்டுமே உறுதி தருகிறது, ஆரோக்கியத்துக்கு இல்லை. குறை இருந்தால் அதுவும் எல்லா எலிக்கும் ஒன்றுபோலவே இருக்கும்.

‘பிளாக் சிக்ஸ்’ எலியின் கதை இதற்குச் சான்று. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்திலிருந்து 1951-ல் தேசிய நலவாழ்வு நிறுவனத்துக்குப் போன எலிகளின் வழிவந்தது ‘என்’ கிளை. ஜாக்சனிலேயே வளர்ந்தது ‘ஜே’ கிளை. ‘என்’ கிளையில் சிஆர்பி1 மரபணுவின் ஒரே ஓர் எழுத்து உதிர்ந்திருக்கிறது. மரபணுவை செல் மும்மூன்று எழுத்தாக வாசிக்கும். ஒன்று உதிர்ந்தால் அடுத்து வருவதெல்லாம் பிசகி, புரதம் பாதியில் நின்றுவிடும். ஒளியுணர் செல்களைத் தாங்கு செல்களோடு இறுகப் பிணைக்க உதவும் புரதம் அது. பிணைப்பு தளர்ந்ததும் விழித்திரை மடிந்து, வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். ‘ஆர்டி8’ என்பது இந்தக் குறைதான்.

என்னைக் கவலைப்படுத்துவது அடுத்த கட்டம். ‘என்’ கிளை எலியில் ஏதோ ஒரு மரபணுவை நீக்கி, ‘ஜே’ கிளை எலியோடு ஒப்பிட்டால், கண்ணில் தெரியும் புள்ளிகளுக்கு நீக்கிய மரபணுவே காரணம் என்று தோன்றும். அவை முதியோரின் விழிப்புள்ளிச் சிதைவை ஒத்திருப்பதால் மனம் இன்னும் எளிதாக ஏமாறும். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் குறை வெளிப்படும் என்பதால், கலப்பு எலிகளில் அது ஓசையின்றிக் கடத்தப்படும். விற்பனைக்கு வரும் ‘என்’ கிளை எலிகளிலும், மரபணு நீக்கத்துக்குப் பயன்படும் அவற்றின் கருத்தண்டு செல்களிலும் ஆர்டி8 இருப்பதை அமெரிக்க தேசிய கண் நிறுவன ஆய்வாளர்கள் 2012-ல்தான் வெளிப்படுத்தினார்கள்.

எப்படிக் கண்டறிவது?

துளி திசுவும் ஒரு பிசிஆர் சோதனையும் போதும்.

பழைய ஆய்வுகள் எல்லாம் வீணா?

இல்லை, எந்தக் கிளை, ஆர்டி8 சோதித்தார்களா என்று சொல்லாதவற்றைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

இந்த எலிகளால் பயன் உண்டா?

நிறைய: மனிதரிலும் சிஆர்பி1 கெட்டால் குழந்தைகள் பார்வை இழக்கிறார்கள், டிபிஏ/2ஜே எலிகளுக்குத் தானாகவே வரும் கண் அழுத்த நோயும் ஆய்வுக்கு உதவுகிறது.

எலிக்குப் பலித்தது எனக்கு எப்போது வரும்?

எலியில் கிடைத்த முடிவு உங்களுக்கான வாக்குறுதி ஆகாது. அதை நம்பி, இப்போது போடும் சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.