கூடம் ஓய்ந்த பின்: கோடம்பாக்கத்தின் ஒலிப்பதிவுத் தியேட்டர்கள்

சாலிகிராமம் பிரசாத் ஸ்டூடியோ வளாகத்தில் இருந்த ஒலிப்பதிவுத் தியேட்டரில் இளையராஜா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இசையமைத்தார். தமிழ்த் திரையிசை வரலாற்றில் ஒரே இசையமைப்பாளர் ஒரே கூடத்தில் இவ்வளவு நீண்ட காலம் பணியாற்றியதற்கு வேறு எடுத்துக்காட்டு காண்பது அரிது. 2019-இல் அந்த இடத்தைப் பற்றி ஸ்டூடியோ நிர்வாகத்துக்கும் அவருக்கும் எழுந்த பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. 2021 பிப்ரவரி 3 அன்று, தியாகராய நகர்ப் பகுதியில் எம்.எம். பிரிவியூ தியேட்டராக இருந்த கட்டடத்தில் அவருடைய புதிய ஸ்டூடியோ இயங்கத் தொடங்கியது. ஒரு ஒலிப்பதிவுக்கூடம் ஓய்ந்துபோனால் எது அழிகிறது, எதைக் காப்பாற்ற முடியும் என்ற கேள்வியை இந்த இடமாற்றம் முன்வைத்தது.

பின்னணி பிறந்தது, தியேட்டர் பிறந்தது

தமிழ்ப் படம் 1931-இல் பேசத் தொடங்கியபோது தனி ஒலிப்பதிவுக்கூடம் தேவைப்படவில்லை. நடிகர்களே கேமரா முன் பாடினார்கள். பக்கவாத்தியக்காரர்கள் மரத்தின் மறைவிலோ திரைக்குப் பின்னாலோ உட்கார்ந்து வாசித்தார்கள். சென்னையின் முதல் பேசும்பட ஸ்டூடியோவான ஸ்ரீநிவாசா சினிடோனை 1934-இல் ஏ. நாராயணன் நிறுவினார். அங்கே ஒலிப்பதிவைக் கவனித்தவர் அவருடைய மனைவி மீனா. இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவர் குறிக்கப்படுகிறார்.

1938-இல் ஏ.வி. மெய்யப்பன் ‘நந்தகுமார்’ படத்தில் நடிகைக்கு லலிதா வெங்கட்ராமனின் குரலைப் பயன்படுத்தினார். தமிழில் பின்னணிப் பாடல் இப்படித்தான் அறிமுகமானது. பாட்டு படப்பிடிப்பிலிருந்து பிரிந்ததும், அதைப் பதிவு செய்ய வெளிச்சத்தம் நுழையாத தனிக் கூடம் தேவைப்பட்டது. ஜெமினி, வாஹினி, ஏவி.எம். போன்ற பெரிய ஸ்டூடியோக்கள் படப்பிடிப்புத் தளங்களோடு ‘ரெக்கார்டிங் தியேட்டர்’களையும் கட்டிக்கொண்டன. படம் திரையில் ஓட, அதைப் பார்த்தபடியே பின்னணி இசை வாசிக்க வேண்டியிருந்ததால் ‘தியேட்டர்’ என்ற பெயர் பொருந்தியது. அந்த வேலைக்கு இன்றும் ‘ஆர்.ஆர்.’ (ரீ-ரெக்கார்டிங்) என்றே பெயர்.

ஆற்காடு சாலையை ஒட்டி ஸ்டூடியோக்கள் பெருகியபோது பக்கத்தில் இருந்த தியாகராய நகர் திரையுலகத்தின் குடியிருப்பாயிற்று. கண்ணதாசனும் சிவாஜி கணேசனும் எம்.ஜி.ஆரும் அங்கே வீடு வைத்திருந்தார்கள்.

கூடமும் ஒரு வாத்தியம்

நல்ல ஒலிப்பதிவுக்கூடம் வெளியிலிருந்து பார்த்தால் கிடங்கு போலத்தான் இருக்கும். அதன் சிறப்பெல்லாம் உள்ளே இருக்கிறது. இரட்டைக் கதவுகள் தெருச் சத்தத்தைத் தடுக்கின்றன. துளையிட்ட பலகைகளுக்குப் பின்னால் அடைத்த கண்ணாடிப் பஞ்சு, ஒலி சுவரில் மோதித் திரும்புவதைக் குறைக்கிறது. எதிரெதிர்ச் சுவர்களைச் சற்றுக் கோணலாகக் கட்டினால் ஒலி அவற்றுக்கிடையே திரும்பத் திரும்ப அலைவதில்லை. பாடகருக்குக் கண்ணாடி வைத்த ‘வாய்ஸ் ரூம்’, ஒலிப்பதிவாளருக்குக் கன்சோல் அறை, நடுவில் இசைக்குழு என்பது வழக்கமான அமைப்பு.

அறையின் நீள அகலமும் கூரை உயரமும் ஒவ்வொரு பதிவிலும் ஒலியாகப் பதிந்துவிடும். ஒரே வயலின் குழு இரு கூடங்களில் வாசித்தால் இரண்டு விதமாகக் கேட்கும். மைக்குகள் குறைவாக இருந்த காலத்தில் யார் எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்பதே கலவையைத் தீர்மானித்தது. உரத்த வாத்தியம் பின்னால் போகும், மெல்லிய வாத்தியம் மைக்குக்கு அருகே வரும். பாடகரும் இசைக்குழுவும் ஒன்றாகவே ‘டேக்’ போனார்கள். முடிகிற நேரத்தில் ஒரு புல்லாங்குழல் பிசகினாலும் பல்லவியிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். அதனால் ஒத்திகை நீண்டது, கவனம் கூர்மையானது.

மல்டி-டிராக் நாடா வந்தபின் இந்தக் கட்டாயம் தளர்ந்தது. 2 அங்குல அகல நாடாவில் 24 தடங்களைத் தனித்தனியே பதியலாம். 2,500 அடி கொண்ட ஒரு சுருள், நொடிக்கு 30 அங்குலம் ஓடும் வேகத்தில், ஏறத்தாழ 16 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு பாட்டுக்கு ஒன்றிரண்டு டேக் எடுத்தாலே சுருளில் பாதி போய்விடும். விலையுயர்ந்த நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்துவது ஸ்டூடியோக்களில் வழக்கம். பல மூலப் பதிவுகள் மறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரசாத் தியேட்டர்

எல்.வி. பிரசாத் (1908–1994) ‘ஆலம் ஆரா’, ‘காளிதாஸ்’, ‘பக்த பிரகலாதா’ என இந்தி, தமிழ், தெலுங்கின் முதல் பேசும்படங்கள் மூன்றிலும் நடித்தவர். ‘மனோகரா’, ‘மிஸ்ஸியம்மா’ ஆகியவற்றை இயக்கினார். பின்னர் சாலிகிராமத்தில் ஸ்டூடியோவையும் பிலிம் லேபையும் வளர்த்தெடுத்தார். படமெடுப்பது, கழுவிப் பிரதியெடுப்பது, பாட்டுப் பதிவது, ஆர்.ஆர். முடிப்பது என எல்லாமே ஒரே மதிலுக்குள் நடக்கும் அமைப்பு அது.

‘அன்னக்கிளி’ (1976) மூலம் அறிமுகமான இளையராஜாவின் முறைக்கு அந்தத் தியேட்டர் ஏற்றதாக இருந்தது. வாத்தியங்களுக்கான பகுதிகளை அவர் தாளில் ஸ்வரக்குறிப்பாக எழுதித் தருவார். கலைஞர்கள் படியெடுத்துக்கொண்டு, ஒத்திகை பார்த்து, டேக் போவார்கள். புருஷோத்தமன், விஜி மேனுவல், வி.எஸ். நரசிம்மன் போன்றோர் அந்தக் குழுவில் நீண்ட காலம் வாசித்தவர்கள். கர்நாடக வித்வான், சர்ச்சில் ஆர்கன் பயின்றவர், நாட்டுப்புறத் தாளக்காரர் என்று வெவ்வேறு வழியில் வந்தவர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரு குறிப்பைப் பார்த்து வாசித்தது, கோடம்பாக்கம் உருவாக்கிய தனித் தொழில் மரபு. கால்ஷீட் கணக்கில் ஊதியம் பெற்ற இந்தக் கலைஞர்களைத் தொழிற்சங்கமாகத் திரட்டியதில் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனின் பங்கு முதன்மையானது.

ஏன் ஓய்ந்தன?

முதல் மாற்றம் கருவியில் வந்தது. 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜாவே சீக்வென்சரைப் பயன்படுத்தினார். கணினி மூலம் வாத்தியங்களை இயக்கும் வழி அதனால் தெரிந்தது. 1989-இல் ஏ.ஆர். ரஹ்மான் தம் கோடம்பாக்கம் வீட்டு வளாகத்தில் ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ கூடத்தை அமைத்தார். ‘ரோஜா’ (1992) வந்தபின், சிறிய அறையில், பாடகரையும் ஒவ்வொரு வாத்தியக்காரரையும் தனித்தனியே அழைத்து, இரவில்கூடப் பதிவுசெய்யலாம் என்பது எல்லோருக்கும் புரிந்தது. கணினியும் மென்பொருளும் மலிவானதும் இசையமைப்பாளர்கள் வீட்டிலேயே ஸ்டூடியோ வைத்துக்கொண்டார்கள். ஐம்பது பேர் உட்காரும் கூடத்துக்கு அன்றாட வேலை இல்லாமல் போயிற்று.

இரண்டாவது மாற்றம் நிலத்தின் விலை. படப்பிடிப்பு வெளிப்புறங்களுக்குப் போனதும் தளங்களும் வெறிச்சோடின. வாஹினி வளாகத்தில் மருத்துவமனையும் பிறகு வணிக வளாகமும் எழுந்தன. அண்ணா சாலையில் ஜெமினி இருந்த இடத்தில் நட்சத்திர ஓட்டல் வந்தது. அடையாறு நெப்டியூன் ஸ்டூடியோ, எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டூடியோவாகி, பிறகு கல்லூரியாயிற்று. பிரசாத் நிறுவனம் பழைய படங்களை டிஜிட்டலில் மீட்டெடுக்கும் தொழிலில் உலக அளவில் இறங்கியது.

இந்தப் பின்னணியில்தான் 2019-இன் பிணக்கு எழுந்தது. எல்.வி. பிரசாத் தமக்கு அளித்த இடம் அது என்பது இளையராஜா தரப்பின் வாதம். சொத்து தங்களுக்கே உரியது, இடம் தேவைப்படுகிறது என்பது நிர்வாகத்தின் நிலை. தியேட்டரில் இருந்த இசைக்குறிப்புகள், வாத்தியங்கள், விருதுகள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ள அவர் ஒரு நாள் செல்வதற்கு 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழி செய்தது. அந்தக் கூடத்துக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு அத்துடன் முடிந்தது.

கட்டடத்தைக் காப்பது

வெளிநாடுகளில் மூன்று வழிகள் கையாளப்பட்டுள்ளன. 1931-இல் திறக்கப்பட்ட லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோ விற்கப்படலாம் என்ற செய்தி 2010-இல் பரவியதும், அரசு அதை மரபுக் கட்டடமாகப் பட்டியலிட்டது. அங்கே உருவான இசையின் வரலாற்று மதிப்பே அதற்கு முக்கியக் காரணம். அது இன்றும் தொழில்முறை ஸ்டூடியோவாக இயங்குகிறது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1957-இல் தொடங்கிய ஆர்.சி.ஏ. ஸ்டூடியோ பி, 1977-இல் மூடப்பட்டபின் இசை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் பார்வையாளருக்குத் திறந்திருக்கிறது. அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஸ்டூடியோவை அறக்கட்டளை ஒன்று பழைய வடிவில் புதுப்பித்துள்ளது.

தமிழ்நாட்டில் மரபுச் சின்னங்களுக்கென ஆணையம் அமைக்கும் சட்டம் 2012-இல் நிறைவேறியது. ஆனால் கோபுரம், தூண், வளைவு எதுவும் இல்லாத ஒலிப்பதிவுத் தியேட்டர் ‘மரபு’ என்று கண்ணுக்குப் படுவது கடினம். தியாகராய நகரில் எம்.ஜி.ஆர். வீடு நினைவில்லமாக இருக்கிறது. கண்ணதாசன், சிவாஜி பெயரில் சாலைகள் இருக்கின்றன. பாட்டுகள் பதிவான கூடங்களுக்கு அந்த மரியாதை கிட்டவில்லை. உரிமையாளரே முன்வந்ததற்கு எடுத்துக்காட்டு ஏவி.எம். வளாகத்தில் 2023 மே மாதம் திறக்கப்பட்ட பாரம்பரிய அருங்காட்சியகம். பழைய கார்களோடு கேமராக்களும் திரைத்தொழில் கருவிகளும் அங்கே வைக்கப்பட்டுள்ளன.

நாடாவும் கைத்தொழிலும்

கட்டடத்தைவிட அவசரமானது நாடா. சென்னையின் ஈரக்காற்றில் காந்த நாடாவின் பசை இளகி ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட சுருளை ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து உலர்த்தி, உடனே டிஜிட்டலுக்கு மாற்ற வேண்டும். ஓட்டிப் பார்க்கும் பழைய இயந்திரங்களும் உதிரி பாகங்களும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். தயாரிப்பாளர், ஆடியோ நிறுவனம், இசையமைப்பாளர் என மூன்று தரப்பும் உரிமை கோரும் சுருளைப் பராமரிக்கும் செலவை எவரும் ஏற்பதில்லை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். அந்தக் காலம் கடந்த பதிவுகளை ஒலிப்பதிவு உரிமைத் தடையின்றி ஆவணப்படுத்தலாம். பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைகள் மட்டும் தனியே கணக்கிடப்படும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய இசைத்தட்டுகளைச் சேகரித்து இந்தத் திசையில் முன்னோடியாக இருக்கிறது.

கூடத்தின் ஒலியையும் ஓரளவு சேமிக்க முடியும். காலியான தியேட்டரில் தாழ்ந்த சுருதியிலிருந்து உச்சம் வரை ஏறும் ஒலியை எழுப்பி, அது அறையில் திரும்பி அடங்கும் விதத்தைப் பல இடங்களில் மைக் வைத்துப் பதிவார்கள். அதிலிருந்து கிடைக்கும் கோப்பை மென்பொருளில் இட்டால் புதிய பாட்டும் அந்த அறையில் பாடியது போல ஒலிக்கும். ஒரு நாள் வேலை. இடிப்பதற்கு முன் செய்தாக வேண்டும்.

கைத்தொழில் மட்டும் கோப்பில் அடங்காது. ஸ்வரக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பதும், ஒரே டேக்கில் ஐம்பது பேர் ஒத்துப்போவதும் கூடிச் செய்து கற்றவை. சாலிகிராமத்தின் சுவர்களைத் தியாகராய நகருக்கு எடுத்துவர முடியவில்லை. தாளில் எழுதி, கூட்டமாக வாசித்துப் பதியும் முறையோ புதிய முகவரியிலும் தொடர்கிறது. கட்டடத்துக்குப் பட்டியல், நாடாவுக்குக் குளிர்ந்த உலர் அறை, ஒலிக்கு அளவீடு, தொழிலுக்குத் தொடர்ந்து வேலை என நான்குக்கும் நான்கு விதமான காப்பு வேண்டியிருக்கிறது. இவற்றில் முதலாவது மட்டுமே அரசாணையை நம்பியிருக்கிறது.